மூளைச் செல்லின் ஒரு மரபணு அச்ச நினைவைப் பாதிக்கிறதா? சுண்டெலிச் சோதனையைத் திட்டமிடும் முறை

ஒரு மரபணுவுக்கும் சுண்டெலியின் அச்ச நினைவுக்கும் தொடர்பு உண்டு என்று நிறுவ, அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலி மறுநாள் குறைவாக அஞ்சியது என்று காட்டினால் போதும் என்று ஆராய்ச்சிக்குப் புதியவர்கள் பலர் கருதுகிறார்கள். அது போதாது. நாம் அளப்பது சுண்டெலி அசையாமல் உறைந்து நிற்கும் நேரத்தை மட்டுமே. நினைவு என்பது அந்த நேரத்திலிருந்து நாம் உய்த்துணர்வது. காது கேட்பது, பாதத்தில் வலி உணர்வது, இயல்பாக ஓடியாடுவது, பொதுவாகப் பதற்றம் கொள்வது ஆகிய அனைத்தும் இரண்டுக்கும் இடையில் நிற்கின்றன. மரபணு இவற்றில் எதைத் தொட்டாலும் உறையும் நேரம் மாறிவிடும். ஆகவே இந்தச் சோதனையைத் திட்டமிடும் வேலையில் பெரும்பகுதி, நினைவு அல்லாத விளக்கங்களை ஒவ்வொன்றாக விலக்கும் வேலைதான். ஆராய்ச்சியைத் தொடங்கும் மாணவர்களுக்காகவும், இத்தகைய ஆய்வுகளைப் படித்து எடைபோட விரும்புவோருக்காகவும், முடிவுகளை எடுக்க வேண்டிய வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

சோதனையின் அடிப்படை பாவ்லோவின் வழிவந்த ஆக்கநிலையுறுத்தல். சுண்டெலியைக் கம்பித் தரை கொண்ட ஒரு சிறிய அறையில் விட்டு, சில நிமிடங்கள் அந்த இடத்தை அறிந்துகொள்ள விடுவார்கள்; பிறகு ஓர் ஒலியை எழுப்பி, அது முடியும் தறுவாயில் தரைக்கம்பிகள் வழியே பாதத்தில் குறுகிய மின்னதிர்ச்சி தருவார்கள். மறுநாள் அதே அறைக்குள் விட்டாலோ, வேறோர் அறையில் அதே ஒலியைக் கேட்கச் செய்தாலோ, கற்றுக்கொண்ட சுண்டெலி மூச்சு விடும் அசைவைத் தவிர வேறெந்த அசைவும் இல்லாமல் உறைந்து நிற்கும். சோதனை நேரத்தில் எத்தனை விழுக்காடு அப்படி நின்றது என்பதே அளவு.

கேள்வியைப் பிரித்துக்கொள்ளுதல்

அச்ச நினைவு ஒரே நிகழ்ச்சியன்று. ஒலியையும் அதிர்ச்சியையும் இணைத்துக் கற்பது ஒரு கட்டம். கற்றது அடுத்த சில மணி நேரத்தில் நிலைபெறுவது இன்னொன்று. நாட்கள் கழித்து அதை மீட்பது வேறு. அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் மீண்டும் மீண்டும் கேட்டு அச்சம் தணிவதும் தனியொரு கற்றலே அன்றி, பழைய நினைவு அழிவதன்று. உங்கள் மரபணு எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்று கருதுகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால், எந்த முடிவு வந்தாலும் அதற்குப் பொருந்தும் விளக்கத்தைப் பிறகு தேடிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

இதைச் சரியாகப் பிரித்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1994இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் அல்சினோ சில்வாவின் குழு வெளியிட்ட ஆய்வு. கிரெப் என்பது பிற மரபணுக்களின் படியெடுத்தலை, அதாவது டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதை, முடுக்கிவிடும் ஒரு புரதம். நரம்புச் செல் வலுவாகத் தூண்டப்படும்போது அதன்மீது பாஸ்பேட் ஏறி, அது இயங்கத் தொடங்குகிறது. கிரெப்பின் முக்கிய வடிவங்களை இழந்த சுண்டெலிகள், பயிற்சி முடிந்து 30 நிமிடத்தில் சோதித்தபோது இயல்பான சுண்டெலிகளைப் போலவே உறைந்து நின்றன. 24 மணி நேரம் கழித்துச் சோதித்தபோது மிகவும் குறைவாகவே உறைந்தன. இந்த வடிவமைப்பின் வலிமையைக் கவனியுங்கள். 30 நிமிடத்தில் இயல்பாக உறைந்தன என்பதாலேயே, அவற்றுக்குக் காது கேட்டது, வலி தெரிந்தது, உறைந்து நிற்கவும் முடிந்தது என்பதெல்லாம் ஒருசேர நிறுவப்படுகிறது. குறுகிய கால நினைவு, செல்லில் ஏற்கெனவே இருக்கும் புரதங்களை மாற்றியமைப்பதால் கிடைக்கிறது என்றும், நீண்ட கால நினைவுக்குப் புதிய படியெடுத்தலும் புதிய புரதங்களும் தேவை என்றும் உள்ள கருத்தோடும் இது பொருந்துகிறது. உங்கள் மரபணு எதுவாக இருந்தாலும், குறுகிய கால, நீண்ட கால நேரங்கள் இரண்டையும் திட்டத்தில் சேர்த்துவிடுமாறு வற்புறுத்துவேன். ஆனால் இரண்டு நேரங்களிலும் ஒரே விலங்கைச் சோதிக்கக் கூடாது. முதல் சோதனையே நினைவைக் கிளறியோ அச்சத்தைத் தணித்தோ இரண்டாவதன் முடிவை மாற்றிவிடும். இரண்டு நேரங்களுக்கும் தனித்தனிக் குழுக்கள் வேண்டும்.

அடுத்த பிரிவு இடம் பற்றியது. ஒலியோடு இணைந்த அச்சத்துக்கும் அறையோடு இணைந்த அச்சத்துக்கும், உணர்ச்சிகளைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலா தேவை. அறையோடு இணைந்ததற்கு மட்டும், இடத்தை நினைவில் வைக்க உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸும் தேவை. 1992இல் ரஸ்ஸல் ஃபிலிப்ஸும் ஜோசஃப் லெடூவும் பெரிய எலிகளில் இதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் ஜீன்சாக் கிம்மும் மைக்கேல் ஃபேன்ஸலோவும், பயிற்சி முடிந்து ஒரு நாளில் ஹிப்போகேம்பஸைச் சேதப்படுத்தினால் அறையைப் பற்றிய அச்சம் மறைவதையும், 28 நாட்கள் கழித்துச் சேதப்படுத்தினால் அது எஞ்சி நிற்பதையும் காட்டினார்கள். நடைமுறையில் இதன் பயன் பெரியது. உங்கள் சுண்டெலி ஒலிக்கு இயல்பாக உறைந்து, அறைக்கு மட்டும் உறையாவிட்டால், ஹிப்போகேம்பஸில் தேடத் தொடங்கலாம். இரண்டுக்குமே உறையாவிட்டால், அமிக்டலாவை மட்டுமன்றி வலியுணர்வையும் சந்தேகிக்க வேண்டும்.

மரபணுவை எப்போது, எங்கே மாற்றுவது

பிறப்பிலிருந்தே உடல் முழுவதும் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலி எளிதாகக் கிடைக்கலாம். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் முடிவு மிகவும் மங்கலானது. நினைவுத் துறையில் இத்தகைய சுண்டெலிகளின் காலம், 1992இல் எம்.ஐ.டி.யில் சில்வாவும் சுசுமு டொனெகாவாவும் ஆல்ஃபா காம்-கைனேஸ்-2 என்ற நொதியின் மரபணுவை நீக்கி வெளியிட்ட ஆய்வுகளோடு தொடங்கியது. வழியைத் திறந்தது என்ற வகையில் அந்த ஆய்வு முக்கியமானது. ஆயினும் கருவிலிருந்தே ஒரு புரதம் இல்லாமல் வளர்ந்த மூளை வேறு மூளையாக வளர்ந்திருக்கலாம். அல்லது உறவுடைய வேறொரு புரதம் அந்த இடத்தை ஈடுசெய்திருக்கலாம். முன்னதில் இல்லாத குறை இருப்பதுபோல் தெரியும். பின்னதில் இருக்கும் பங்கு மறைந்துபோகும்.

இதற்கு விடையாக வந்தது, கிரி என்ற நொதியையும் அது அடையாளம் காணும் லாக்ஸ்-பி என்ற டி.என்.ஏ. துண்டுகளையும் பயன்படுத்தும் முறை. நீக்க வேண்டிய மரபணுப் பகுதியின் இருபுறமும் லாக்ஸ்-பி இருக்கும். கிரி எந்தச் செல்லில் உருவாகிறதோ அந்தச் செல்லில் மட்டும் அந்தப் பகுதி வெட்டி எடுக்கப்படும். 1996இல் டொனெகாவா குழு இந்த முறையால் ஹிப்போகேம்பஸின் சி.ஏ.1 பகுதியில் மட்டும், நரம்பு இணைப்புகள் வலுப்பெற உதவும் என்.எம்.டி.ஏ. ஏற்பியின் ஓர் அலகை நீக்கி, இடம்சார்ந்த நினைவு குலைவதைக் காட்டியது. கிரி நொதியைத் தமாக்சிஃபென் என்ற மருந்தைக் கொடுத்த பிறகே இயங்குமாறு அமைத்தால், வளர்ந்த விலங்கில், நீங்கள் தேர்ந்த வாரத்தில் மரபணுவை நீக்கலாம்.

என் பரிந்துரை, வளர்ந்த சுண்டெலியின் குறித்த மூளைப் பகுதியில், மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸ் கடத்தி வழியே கிரியைச் செலுத்துவதே. அடினோ-சார் வைரஸ் எனில், ஊசி போட்ட பிறகு கிரி முழு அளவில் உருவாவதற்காக இரண்டு அல்லது மூன்று வாரங்கள் காத்திருந்து பயிற்சி தர வேண்டும். ஹெர்ப்பிஸ் வகைக் கடத்தி சில நாட்களிலேயே உச்சத்தை எட்டி விரைவில் தணியும் என்பதால், பயிற்சி நாளை அதற்கேற்பக் குறிக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் குழுக்களைக் குறைத்துக்கொள்ளும் ஆசை இங்கேதான் வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கிரி மட்டும் உள்ளவை, லாக்ஸ்-பி மட்டும் உள்ளவை, ஒளிரும் புரதத்தை மட்டும் சுமந்த வைரஸைப் பெற்றவை ஆகியன இல்லாவிட்டால், கிரி நொதியின் நச்சுத்தன்மையையும் அறுவையின் விளைவையும் மரபணுவின் விளைவென்று எழுதிவிட நேரும். தமாக்சிஃபென் தந்தால் எல்லாக் குழுக்களுக்கும் தர வேண்டும். சில கிரி வரிசைகள் இனப்பெருக்கச் செல்களிலும் இயங்கி, அடுத்த தலைமுறையில் உடல் முழுவதும் மரபணுவை நீக்கிவிடும். வால்நுனியிலோ காதிலோ எடுத்த மாதிரியில், வெட்டப்பட்ட வடிவம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நீக்கிப் பார்ப்பது தேவையை மட்டுமே சோதிக்கிறது. அதிகப்படுத்திப் பார்ப்பது வேறொன்றைச் சொல்லும். டொராண்டோவில் ஷீனா ஜோஸ்லின் குழு, அமிக்டலாவின் பக்கவாட்டுப் பகுதியில் சில செல்களில் மட்டும் கிரெப்பை அதிகப்படுத்தியபோது, அச்ச நினைவில் அந்தச் செல்களே மிகுதியாகப் பங்கேற்பதை 2007இல் காட்டியது. 2009இல், பயிற்சிக்குப் பிறகு அத்தகைய செல்களை மட்டும் அழித்தபோது அந்த நினைவு மறைந்தது. எந்தச் செல் நினைவில் சேரும் என்பதையே ஒரு மரபணுவின் அளவு தீர்மானிக்க முடியும் என்ற இந்தக் கண்டுபிடிப்பை, இத்துறையின் மிக அழகான முடிவுகளுள் ஒன்றாக மதிக்கிறேன்.

விலங்குகளைத் தேர்தல்

இனம் அலட்சியமாகத் தேர்வதற்குரியதன்று. சி57பிஎல்/6 இனம் அச்சப் பயிற்சியில் நன்றாகக் கற்கும், டி.பி.ஏ./2 இனம் அறையைப் பற்றிய அச்சத்தில் பின்தங்கும். இரண்டின் கலப்பில் உங்கள் மரபணுவைச் சோதித்தால், எந்த மரபணு எதைச் செய்தது என்று சொல்ல இயலாது. மரபணு மாற்றம் வேறோர் இனத்தின் கருத்தண்டுச் செல்லில் செய்யப்பட்டிருந்தால், பல தலைமுறைகள் பின்கலப்பு (விரும்பிய இனத்தோடு மீண்டும் மீண்டும் இணைத்தல்) செய்த பிறகும், மாற்றிய மரபணுவை ஒட்டிய டி.என்.ஏ. பகுதி பழைய இனத்துடையதாகவே நிற்கும். ஒப்பிடுவது எப்போதும் ஒரே ஈற்றில் பிறந்த உடன்பிறப்புகளுடன் இருக்கட்டும். விலைக்கு வாங்கிய இயல்பு வகைச் சுண்டெலிகளை ஒப்பீட்டுக்கு வைக்காதீர்கள்.

காதும் கண்ணும் இனத்தைப் பொறுத்தவை. சி57பிஎல்/6ஜே இனத்தில் கேட்ஹெரின்-23 மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்தால், வயது கூடக்கூட உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன் முதலில் குறைகிறது. ஆகவே இரண்டு முதல் நான்கு மாத வயதுக்குள் பயிற்சியை முடிப்பதும், 10 கிலோஹெர்ட்சுக்குக் கீழான ஒலியைத் தேர்வதும் பாதுகாப்பானவை. எஃப்.வி.பி., சி3எச் ஆகிய இனங்கள் விழித்திரைச் சிதைவால் இளமையிலேயே பார்வை இழப்பவை. அறையைக் கண்ணால் அறிய வேண்டிய சோதனைக்கு அவை உதவா.

எண்ணிக்கையை முன்கூட்டியே கணக்கிடுங்கள். ஒற்றைப் பிரதி இழந்த ஆணையும் பெண்ணையும் இணைத்தால் நான்கில் ஒன்றுதான் இரு பிரதிகளும் இழந்ததாகப் பிறக்கும். ஆண் 10, பெண் 10 என்று 20 வேண்டுமானால் சராசரியாக 80 குட்டிகள் பிறக்க வேண்டும். இரண்டு சோதனை நேரங்களுக்கும் தனிக் குழு என்றால் 160. லாக்ஸ்-பி இரு பிரதிகளும் உள்ள பெற்றோரில் ஒன்றுக்கு மட்டும் கிரியின் ஒரு பிரதி இருக்குமாறு இணைத்தால், குட்டிகளில் பாதி சோதனைக் குழுவாகவும் பாதி ஒப்பீட்டுக் குழுவாகவும் அமையும். பயன்படாமல் போகும் உயிர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். நான் இந்த முறையை வலியுறுத்துவதற்கு அறிவியல் காரணத்தைப் போலவே இதுவும் முக்கியமான காரணம். இந்தியாவில், 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மையக் குழுவில் பதிவுபெற்ற நிறுவனத்தில், அந்நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த பிறகே வேலையைத் தொடங்க முடியும். இந்தக் கணக்கும், மின்னதிர்ச்சியின் அளவைத் தேர்ந்ததற்கான காரணமும் அந்த விண்ணப்பத்தில் இடம்பெற வேண்டும்.

பயிற்சி நாளும் சோதனை நாளும்

பயிற்சிக்கு முந்தைய சில நாட்கள், தினமும் சில நிமிடங்கள் சுண்டெலிகளைக் கையில் எடுத்துப் பழக்குங்கள். மனிதக் கைக்கு அஞ்சும் விலங்கு அறைக்குள் போகும் முன்பே அச்சத்தில் இருக்கும். நாளின் ஒரே நேரத்தில் பயிற்சியும் சோதனையும் நடக்கட்டும்; குழுக்கள் கலந்து வரட்டும்; கையாள்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியாதிருக்கட்டும்.

வழக்கமாக மூன்று நிமிடம் அறையில் விட்டு, 80 டெசிபெல் அளவில் 30 வினாடி ஒலியும், அதன் கடைசி இரண்டு வினாடியில் 0.5 முதல் 0.75 மில்லி ஆம்பியர் வரையிலான அதிர்ச்சியும் தருவார்கள். இதை ஒன்று முதல் மூன்று முறை செய்வது உண்டு. எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நீங்கள் எதிர்பார்க்கும் திசைக்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். மரபணுவை நீக்கினால் நினைவு குறையும் என்று கருதினால், இயல்பு வகை நடுத்தரத்துக்கு மேல் உறையுமளவு பயிற்சி தர வேண்டும்; கூடும் என்று கருதினால், மென்மையான பயிற்சியால் இயல்பு வகையைக் கீழே நிறுத்த வேண்டும். இயல்பு வகையே 90 விழுக்காடு உறைந்தால், கூடுவதற்கு இடமே இருக்காது. அதிர்ச்சிக்கு முந்தைய நிமிடங்களில் ஒவ்வொரு குழுவும் எவ்வளவு உறைந்தது என்பதையும் பதிவு செய்யுங்கள். அங்கேயே வேறுபாடு இருந்தால், பிறகு வருவதை நினைவு என்று அழைக்க முடியாது.

மறுநாள் அதே அறையில் மூன்று முதல் ஐந்து நிமிடம் அதிர்ச்சியின்றி விட்டு, அறையைப் பற்றிய நினைவை அளக்கலாம். ஒலிச் சோதனைக்கு அறை முற்றிலும் மாற வேண்டும்: கம்பித் தரைக்குப் பதில் வழவழப்பான தரை, வேறு வடிவச் சுவர், வேறு வெளிச்சம், துடைக்கும் திரவத்தில் வேறு மணம், முடிந்தால் கொண்டுவரும் கூண்டும் வேறாக. ஒலி எழும் முன் மூன்று நிமிடமும், ஒலியோடு மூன்று நிமிடமும் அளந்து இரண்டையும் தனித்தனியே காட்டுங்கள். புதிய அறையில் ஒலி இல்லாமலேயே சுண்டெலி உறைந்தால், அது அச்சத்தைப் பொதுமைப்படுத்துகிறது என்று பொருள். அது தனியொரு கண்டுபிடிப்பாகவே இருக்கலாம். உறைதலைக் கணினி மென்பொருள் அளந்தாலும், ஒரு பகுதி ஒளிப்பதிவைக் குழு அறியாத ஒருவர் கண்ணால் பார்த்து ஒப்பிட வேண்டும். தலையில் கருவி பொருத்திய சுண்டெலியின் கம்பி ஆடுவதையே மென்பொருள் அசைவென்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

பிற விளக்கங்களை விலக்குதல்

இந்தச் சோதனைகளைக் கடைசியில் நேரம் கிடைத்தால் செய்யும் இணைப்பாக எண்ணாதீர்கள். வலிக்கு, அதிர்ச்சியை மிகக் குறைந்த அளவிலிருந்து படிப்படியாக உயர்த்தி, சுண்டெலி முதலில் துணுக்குறுவதும் குதிப்பதும் கீச்சிடுவதும் எந்த அளவில் நிகழ்கின்றன என்று பாருங்கள். இதைப் பயிற்சி பெறாத வேறு விலங்குகளில் செய்வது நல்லது. ஓட்டத்துக்குத் திறந்தவெளிப் பெட்டியும், பதற்றத்துக்கு உயர்த்திய குறுக்குப் பாதையும் பழக்கமானவை. இவற்றை அச்சப் பயிற்சிக்கு முன்பே நடத்துங்கள், ஏனெனில் அதிர்ச்சி கண்ட விலங்கின் பதற்றம் இயல்பானதன்று. ஒலியைக் கேட்கிறதா என்பதைத் திடீர் ஒலிக்குத் திடுக்கிடும் எதிர்வினையால் அறியலாம்.

பதற்றமும் கற்ற அச்சமும் ஒன்றாக மாறும் நேர்வும் உண்டு. க்ளெப் ஷும்யாட்ஸ்கி, எரிக் காண்டல் ஆகியோரின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், அமிக்டலாவில் மிகுதியாக இருக்கும் ஸ்டாத்மின் என்ற புரதத்தின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்குக் கற்ற அச்சமும் குறைந்தது, திறந்தவெளியைத் தவிர்க்கும் இயல்பான அச்சமும் குறைந்தது. இத்தகைய முடிவு வந்தால் அதை மறைக்காமல் அப்படியே எழுத வேண்டும். அந்த மரபணு நினைவுக்கு மட்டும் உரியது என்று கூறும் உரிமை மட்டும் போய்விடுகிறது.

செல்லுக்குள் பார்த்தல்

நடத்தை மாறியது உறுதியான பிறகு, எந்தச் செல்களில் என்ன மாறியது என்ற கேள்விக்கு வரலாம். நரம்புச் செல் வலுவாகத் தூண்டப்பட்டவுடன் சி-ஃபாஸ், ஆர்க் போன்ற உடனடி மரபணுக்கள் இயங்குகின்றன. சி-ஃபாஸ் புரதத்தைப் பார்க்க வேண்டுமானால், பயிற்சிக்கோ சோதனைக்கோ ஏறத்தாழ 90 நிமிடம் கழித்து மூளையை எடுக்க வேண்டும். ஆர்க்கின் ஆர்.என்.ஏ. தூண்டலுக்குச் சில நிமிடங்களில் செல்லின் உட்கருவிலும், அரை மணி நேரத்தில் உட்கருவுக்கு வெளியிலும் தெரியும். இந்த நேர வேறுபாட்டைக் கொண்டு ஒரே செல் இரண்டு நிகழ்ச்சிகளிலும் பங்கேற்றதா என்று அறிய முடிகிறது. ஒப்பீட்டுக்குக் கூண்டிலேயே இருந்தவை மட்டும் போதா. அறையை மட்டும் கண்டவையும், அறைக்குள் விட்ட மறுகணமே அதிர்ச்சி பெற்றவையும் வேண்டும். பின்னவை அதே வலியைப் பெற்றாலும், அறையை அறிய நேரம் இல்லாததால் அதற்கு அஞ்சக் கற்பதில்லை. எனவே வலியின் விளைவையும் நினைவின் விளைவையும் அவை பிரித்துக் காட்டும்.

தனிச் செல்களின் ஆர்.என்.ஏ. தொகுப்பைப் படிக்கும் முறையைப் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை: உயிருள்ள திசுவை வெதுவெதுப்பான நொதிக் கரைசலில் பிரிக்கும் செயலே உடனடி மரபணுக்களைத் தூண்டிவிடும். உறைய வைத்த திசுவிலிருந்து உட்கருக்களைப் பிரிப்பதோ, படியெடுத்தலைத் தடுக்கும் மருந்தைக் கரைசலில் சேர்ப்பதோ இதைத் தவிர்க்கும். புள்ளியியலில் அலகு விலங்கே. ஒரு விலங்கின் ஆயிரம் செல்களை ஆயிரம் மாதிரிகளாக எண்ணுவது தவறு. இவ்வாறு கிடைக்கும் பட்டியல் உடன்நிகழ்வை மட்டுமே காட்டும் என்பதால், அதிலிருந்து தேர்ந்த மரபணுவோடு நீக்கும், கூட்டும் சோதனைகளுக்குத் திரும்ப வேண்டும்.

முடிவை எழுதும்போது

மரபணு நினைவை வளர்ப்பதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எச்.டி.ஏ.சி.2 என்ற நொதி, டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன்களிலிருந்து அசெட்டைல் குழுக்களை அகற்றிப் படியெடுத்தலைக் கட்டுப்படுத்துகிறது. லி-ஹுவே சாய் குழு 2009இல் வெளியிட்டபடி, அது மிகுந்த சுண்டெலிகளுக்கு நினைவு குறைந்தது, அது இல்லாதவற்றுக்குக் கூடியது. இப்படிப்பட்ட பல பங்குகளை அச்ச மரபணு என்ற ஒரே சொல்லில் அடக்கி எழுதுவது தவறான எண்ணத்தையே தரும். இனம், வயது, பால், மரபணு நீக்கப்பட்ட செல்வகை, நீக்கிய நாள், அச்சத்தின் வகை, சோதித்த நேரம் ஆகிய அனைத்தும் முடிவைச் சொல்லும் வாக்கியத்திலேயே இருக்கட்டும், அது எவ்வளவு நீண்டாலும் சரி. மனிதரின் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயைப் பற்றி ஒரு வரி சேர்க்கத் தோன்றினால், நீங்கள் அளந்தது அச்சம் நிலைபெறுவதையா தணிவதையா என்று முதலில் பாருங்கள். அஞ்சுவதைப் பாதுகாப்பாக மீண்டும் மீண்டும் எதிர்கொள்ள வைக்கும் வெளிப்பாட்டுச் சிகிச்சை தணிதலைச் சார்ந்தது, நிலைபெறுதலைப் பற்றிய தரவு அதற்கு நேரடியாகப் பொருந்தாது.

வைரஸ் ஊசி குறித்த இடத்தில் விழுந்ததா என்று ஒவ்வொரு மூளையையும் வெட்டிப் பார்த்து, தவறிய விலங்குகளை நீக்கும் விதியை நடத்தைத் தரவைத் திறக்கும் முன்பே எழுதி வையுங்கள். நீக்கியவை எத்தனை, எந்தக் குழுவில், எந்தக் காரணத்துக்காக என்பதையும் முடிவுகளோடு சேர்த்து அச்சிடுங்கள்.